ஜன்னலோரச் செடிக்கு என்ன சீக்கு?

எங்கள் வீட்டில் முதலில் செத்தது நந்தியாவட்டை. நன்றாகத்தான் இருந்தது. திடீரென்று ஒருநாள் தலை தொங்கியது, இலை ஓரமெல்லாம் தீய்ந்த தோசை மாதிரி கருகியது, அப்புறம் மொத்தமாகப் போய்ச் சேர்ந்தது. இழவு கேட்க வருகிற மாதிரி அக்கம்பக்கத்தார் வந்து பார்த்தார்கள். ஆளுக்கொரு வியாதி சொன்னார்கள். வேர்ப்புழு என்றார் ஒருவர். கரையான் என்றார் இன்னொருவர். "தண்ணி பத்தலீங்க" என்று எதிர்வீட்டுக்காரர் சொல்லி வாயை மூடுவதற்குள், "தண்ணி எச்சாப் போச்சுதுங்க" என்றார் அவருடைய சம்சாரம். இரண்டு பேரும் ஒரே செடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் சூலூரில் ஒரு கிளினிக் லேபில் தலை நரைக்கிறவரை ரத்தம் எடுத்தவள். என் தொழிலில் சட்டம் ஒன்றுதான்: முதலில் டெஸ்ட், அப்புறம் மருந்து. ஆள் உள்ளே வந்து உட்காருவதற்குள் ஊசி எழுதுகிற டாக்டர்களையே நான் மதித்தது கிடையாது. இவர்கள் என்னடாவென்றால் செடியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, காம்பவுண்டுக்கு அந்தப் பக்கமிருந்தே வியாதி சொல்கிறார்கள்.

இதில் என் வீட்டுக்காரர் வேறு. ரிட்டயர்டு கண்டக்டர். யாருக்கும் எதற்கும் "இல்லைங்க" என்று சொல்லத் தெரியாத மனுஷன். ஸ்டாப்பே இல்லாத இடத்தில் "ஏனுங்க, சித்த நிறுத்துங்க" என்று ஒரு கிழவி கேட்டால் போதும், விசில் அடித்துவிடுவார். டிரைவரிடம் திட்டு வாங்குவது கடைசிவரை அவர்தான். செடி விஷயத்திலும் அதே கதை. யார் எதைச் சொன்னாலும் "செரிங்க, செஞ்சுபோடறனுங்க" என்றார். சொன்னதோடு விடாமல் செய்தும் போட்டார். ஒரு வாரத்துக்குள் பக்கத்துச் செடிகளுக்கு வேப்பெண்ணெய், புளித்த மோர், பெருங்காயத் தண்ணீர், டீத்தூள், முட்டை ஓடு, புகையிலைக் கஷாயம் எல்லாம் போய்ச் சேர்ந்தது. செடிக்கு வியாதி இருந்ததோ இல்லையோ, இந்த மனுஷன் ஊருக்குக் காட்டுகிற மரியாதையைத் தாங்கமாட்டாமலேயே அதற்குப் பாதி உயிர் போயிருக்கும்.

வேறு எங்கேயாவது நின்ற செடி என்றால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அது நின்ற இடம் என் மகளின் ஜன்னலோரம்.

மகளுக்கு அதற்கு முன்பு இரண்டு தடவை வயிற்றில் தங்காமல் போயிருந்தது. இது மூன்றாவது. டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: படுத்தே இருக்க வேண்டும், மாடி ஏறக்கூடாது, பஸ் ஏறக்கூடாது, பாத்ரூமுக்கும் சாப்பாட்டுக்கும் எழுந்தால் போதும். அவளைக் கட்டிக் கொடுத்தது தாராபுரத்தில். அங்கே மாடிவீடு. அதனால் இங்கே கூட்டிவந்து மேற்குப் பக்கத்து அறையைக் கொடுத்தோம். அந்த அறை ஜன்னலுக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு மண் இருக்கிறது. படுத்திருக்கிற பிள்ளை வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டாம் என்று, அவள் அப்பா அதில் வரிசையாகச் செடி வைத்தார். நந்தியாவட்டை, இட்லிப்பூ, செம்பருத்தி, மறுபடி நந்தியாவட்டை, இட்லிப்பூ என்று பின்வாசல்வரை. தண்ணீர் ஊற்றுகிறவரைத் தவிர அந்தப் பக்கம் ஒருத்தரும் போகமாட்டோம். போவதற்கு அங்கே ஒன்றும் கிடையாது.

பிடுங்கிப் போட்ட நந்தியாவட்டையைப் பார்த்துவிட்டு மகள் கேட்டாள்.

"அதுவும் போயிருச்சுங்களாம்மா?"

செடி போனது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்த 'அதுவும்' நெஞ்சில் குத்தியது. காது கேட்காத மாதிரி மூஞ்சியை வைத்துக்கொண்டு, சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அவள் அப்பாவிடம், "இன்னைக்கே அந்த எடத்துல வேற செடி வெச்சுருங்கப்பா" என்றாள். நாளைக்கு வைக்கலாம் கண்ணு என்றதற்குக் கேட்கவில்லை. இன்றைக்கே வேண்டும், இருட்டுவதற்குள் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். அவர் மொபெட்டை எடுத்துக்கொண்டு நர்சரிக்கு ஓடினார். நர்சரிக்காரர் செத்த செடியின் போட்டோவைப் பார்த்துவிட்டு, "மண்ணு செரியில்லீங்க" என்று புதுச் செடி ஒன்றும், மண்ணைச் சரியாக்க ஒரு மூட்டை உரமும் கொடுத்து அனுப்பினார். மூட்டை வாங்குகிறவரிடம் அவர் வேறு என்னத்தைச் சொல்வார்?

அடுத்து இட்லிப்பூ போனது. அதற்கடுத்து, நந்தியாவட்டை இருந்த இடத்தில் வைத்த புதுச் செடி போனது. செத்தது எல்லாமே ஜன்னலுக்கு நேராக இருந்தவை. பின்வாசல் பக்கம் இருந்தவை கொழுகொழுவென்று பூத்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்று போகும்போதும் அவள் அப்பா மொபெட்டை எடுப்பார், இருட்டுவதற்குள் வேறு செடி வரும்.

இதே நேரத்தில் எங்கள் வீட்டில் இன்னொரு துப்புத் துலக்கலும் நடந்துகொண்டிருந்தது. சமையலறையில் கல் உப்பு ஜாடி சீக்கிரம் சீக்கிரமாகக் காலியானது. என் வீட்டுக்காரருக்கு பி.பி. உப்பைக் குறைத்து, ஊறுகாயை நிறுத்தி, அப்பளத்தைக் கண்ணில் காட்டாமல் வைத்திருந்தேன். பக்கத்து வீட்டு மாமரமோ அந்த வருடம் காய்த்துத் தொங்கியது. சந்தேகப்பட ரொம்ப யோசிக்க வேண்டுமா?

எங்கள் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. எவ்வளவு ஆத்திரம் வந்தாலும் 'ங்க' போகாது. வெளியூர்க்காரர்கள் கேட்டால் நாங்கள் கொஞ்சிக்கொள்கிறோம் என்று நினைப்பார்கள்.

"ஏனுங்க, மாங்காயும் கல்லுப்புமா அள்ளி அள்ளித் தின்னுபோட்டு, ரத்தக் கொதிப்பு ஏறிக் கையி காலு இழுத்துக்கிட்டுக் கெடந்தீங்கன்னா, இந்தப் புள்ளயப் பாக்கறதுங்களா, உங்களப் பாக்கறதுங்களா? அறிவு வேண்டாமுங்களா?"

"நாந் தொடவே இல்ல அம்மிணி."

"அப்ப உப்புக்கு றெக்கை மொளச்சுப் பறந்து போச்சுங்களா?"

அந்த நேரம் பார்த்து ஏர்ஃபோர்ஸ் விமானம் ஒன்று தலைக்கு மேலே போனது. சூலூரில் குடியிருப்பவர்களுக்கு இது பழக்கம். சண்டையை அப்படியே நிறுத்தி வைத்து, சத்தம் போனதும் விட்ட இடத்தில் பிடித்துக்கொள்வோம். விமானம் போய் முடிவதற்குள் அவர் நழுவிவிட்டார். பதில் சொல்லாமல் போனதையே நான் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன். ஜாடியை மேல் அலமாரிக்கு ஏற்றினேன். ஜாடி அதற்கப்புறமும் காலியானது. மனுஷன் ஸ்டூல் போட்டு ஏறித் தின்கிறார் என்று முடிவு கட்டினேன்.

செடி விஷயத்துக்கு வருவோம். ஊரார் சொன்னதையெல்லாம் கிண்டல் செய்த நான், என் பங்குக்கு ஒரு வியாதியைக் கண்டுபிடித்தேன். ஏ.சி. மகளுக்காக அந்தக் கோடையில்தான் அறைக்கு ஏ.சி. போட்டிருந்தோம். அதன் வெளிப்பெட்டி ஜன்னலுக்குப் பக்கத்திலிருந்து அனல் காற்றைச் செடிமேல்தான் ஊதியது. செத்தவை எல்லாம் அந்த இடத்தில்தான். ஏ.சி. வந்தது, செடி போனது. இதைவிட என்ன வேண்டும்? மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பெட்டியைச் சுவரின் மறுமூலைக்கு மாற்றவைத்தேன். அன்றைக்கு முழுக்க, வந்தவர் போனவர் எல்லாருக்கும் அனல் காற்றைப் பற்றிப் பாடம் எடுத்தேன். "படிச்சவங்க படிச்சவங்கதான்" என்று எதிர்வீட்டுக்காரரின் சம்சாரம்கூடச் சொன்னார்.

அடுத்த வாரம் செம்பருத்தி தலை தொங்கியது.

அது வரிசையிலேயே பெரிய செடி. ஜன்னலை அடைத்துக்கொண்டு சிவப்புச் சிவப்பாகப் பூத்து நின்றது. மகளுக்கு அதன்மேல் உயிர். அது வாட ஆரம்பித்ததிலிருந்து அவள் சாப்பாட்டைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டாள். தூக்கம் போனது. மூஞ்சி வீங்கியது. அந்தத் தடவை செக்கப்புக்குப் போனபோது டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்துவிட்டு, பிள்ளைக்கு எடை ஏறவில்லை என்றார். பி.பி. வேறு ஏறியிருந்தது. "மனசுல என்னமோ வெச்சுக்கிட்டு வெசனப்படறாப்புல இருக்குதே, என்னம்மா அது?" என்று கேட்டார். மகள் ஒன்றுமில்லைங்க டாக்டர் என்றாள். மற்றதை எல்லாம் விடு, அந்தச் செம்பருத்தியாவது சாகாமல் நின்றால் இந்தப் பிள்ளை நாலு வாய் சாப்பிடும் என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஜன்னலோரம் இறங்கினேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். இனிமேல் ஊகம் கிடையாது, டெஸ்ட்தான்.

அன்று காலையில் செத்திருந்த இன்னொரு இட்லிப்பூவை வேரோடு தோண்டி, பக்கெட்டில் அலசிப் பார்த்தேன். புழு இல்லை. கரையான் இல்லை. அழுகல் வாடை இல்லை. மண் ஈரமாகத்தான் இருந்தது. தண்ணீருக்குள்ளேயே நின்றுகொண்டு தாகத்தில் செத்த மாதிரி ஒரு சாவு. மண்ணின் மேல் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. போர்வெல் தண்ணீர் ஊற்றினால் எங்கள் ஊர் மண்ணில் அப்படிப் பூப்பது சகஜம்தான், அதனால் ஒருத்தரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஆனால் போர் தண்ணீர் என்றால் வரிசை முழுக்க ஒரே குழாய்த் தண்ணீர்தானே? பின்வாசல் பக்கம் போய்ப் பார்த்தேன். அங்கே மண்ணில் வெள்ளை இல்லை.

ஜன்னலோர மண் கொஞ்சம், பின்வாசல் மண் கொஞ்சம், தனித்தனி டம்ளரில் தண்ணீர் விட்டுக் கலக்கித் தெளிய வைத்தேன். அப்புறம் செய்ததை லேபில் யாராவது செய்திருந்தால் அன்றைக்கே சீட்டைக் கிழித்திருப்பேன். விரலை முக்கி நாக்கில் வைத்தேன். அந்தக் காலத்து வைத்தியர்கள் மூத்திரத்தை ருசி பார்த்துத்தான் சர்க்கரை வியாதி கண்டுபிடித்தார்களாம். அதற்கு இது எவ்வளவோ தேவலை.

பின்வாசல் தண்ணீர் சப்பென்றிருந்தது. ஜன்னலோரத் தண்ணீர் கரித்தது. சும்மா இல்லை, கடல் தண்ணீர் மாதிரி கரித்தது.

கல் உப்பு!

ஜாடி காலியானதும் செடி செத்ததும் அங்கேயே, அந்த டம்ளரிலேயே, ஒன்றாகக் கலந்தன. அடக் கெரகமே என்று தலையில் கை வைத்தேன். யாராவது நத்தைக்கு உப்புப் போடச் சொல்லியிருப்பார்கள், இந்த மனுஷன் "செரிங்க" என்று ஜாடியோடு கவிழ்த்திருக்கிறார்! தின்னாமல் இருந்தாரே என்று சந்தோஷப்படுவதா, இப்படிச் செய்தாரே என்று அடிக்கப் போவதா என்று தெரியவில்லை. அவர் அப்போதுதான் அடுத்த செடியோடு மொபெட்டை ஸ்டாண்டு போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க! எந்தப் புண்ணியவான் உங்களுக்கு உப்புப் போடச் சொன்னானுங்க? செடிக்கு உப்புப் போடலாமுங்களா? அது என்ன ரசமுங்களா?"

"உப்பா? நானெதுக்கு அம்மிணி உப்புப் போடறேன்?"

"இதையும் தொடலைம்பீங்க. ஜாடி தானா எறங்கி வந்து கொட்டிக்கிட்டுப் போச்சுங்களா? உள்ள ஒரு புள்ள சோறு தண்ணி எறங்காமக் கெடக்குது. நீங்க ஊருல சொல்றவன் பேச்செல்லாங் கேட்டுக்கிட்டு..."

அவர் செடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். வாழ்நாளெல்லாம் திட்டு வாங்கிய ஆள்தான். ஆனால் அன்றைக்கு அவர் கண் கலங்கிவிட்டது. "எம் புள்ளைக்கு வெச்ச செடிய நானே கொல்லுவனா?" என்றார்.

ஜன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அப்பாவத் திட்டாதீங்கம்மா. நாந்தான் ஊத்துனேன்."

கம்பியைப் பிடித்துக்கொண்டு மகள் நின்றாள். எப்போது எழுந்து வந்தாளோ தெரியவில்லை.

உள்ளே ஓடினேன். அவளைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு என்ன ஏது என்று கேட்டேன். எல்லாவற்றையும் கொட்டினாள். தாராபுரத்துச் சம்பந்தியம்மா போனில் சொன்னாராம்: இரண்டு தடவை இப்படிப் போனதென்றால் அது கண் திருஷ்டிதான், செவ்வாய், வெள்ளி, ஞாயிறு பொழுது சாயும்போது ஒரு கை கல் உப்பை எடுத்துச் சுற்றிப் போட்டு, தண்ணீரில் கரைத்துக் கால் படாத இடமாகப் பார்த்து ஊற்ற வேண்டும் என்று. நான் சாயங்காலம் குளிக்கப் போகிற நேரத்தில் இவள் ஸ்டூல் போட்டு ஏறி உப்பை எடுத்திருக்கிறாள். ஸ்டூல்! மாடிப்படி ஏறக்கூடாதவள்! தன் கையாலேயே தன் வயிற்றைச் சுற்றிக்கொண்டு, டம்ளரில் கரைத்து, ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டிச் செடி மூட்டில் ஊற்றியிருக்கிறாள். எங்கள் வீட்டில் கால் படாத இடம் என்றால் அதுதானே.

"என்றகிட்டச் சொல்லறதுக்கு என்னடி?"

"அத்தை உங்களத்தான் சுத்திப்போடச் சொன்னாங்க. உங்ககிட்ட எப்புடிம்மா கேக்கறது? நீங்க சிரிப்பீங்க."

வாஸ்தவம்தான். எதிர்வீட்டு வாசலில் கட்டிய பூசணிக்காயைப் பார்த்து, அதன் மூஞ்சி வீட்டுக்காரர் மூஞ்சி மாதிரியே இருக்கிறது என்று அவருக்கே கேட்கிற மாதிரி சொன்னவள் நான். சிரித்துத்தான் இருப்பேன்.

"செரி. செடி சாகுதுன்னு தெரிஞ்சப்புறம் நிறுத்த வேண்டியதுதான?"

அதற்கு அவள் சொன்ன பதில் இன்றைக்கும் என்னைத் தூக்கிவாரிப் போடுகிறது.

"செடிதாம்மா திஷ்டிய வாங்கிக்கிட்டுச் சாகுதுன்னு நெனச்சேன். பாப்பாவுக்கு வர்றது அதுக்குப் போகுதுன்னு. ஒரு செடி போனா ஒடனே வேற செடி அங்க இருக்கோணும். செடி இல்லாமப் போச்சுன்னா அப்பறம்..."

வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு அழுதாள். வாசலில் அவள் அப்பா அந்தப் புதுச் செடியை இன்னும் கீழே வைக்காமல் நின்றார். இருட்டுவதற்குள் வேண்டும், இருட்டுவதற்குள் வேண்டும் என்று இவள் அவரை விரட்டியது எதற்கென்று இரண்டு பேருக்கும் அப்போதுதான் புரிந்தது. செடி செத்தது, இவள் பயந்தாள். பயந்து இன்னும் ஒரு கை உப்பைக் கூடப் போட்டாள். அடுத்ததும் செத்தது. நாங்கள் புழுவையும் கரையானையும் ஏ.சி.யையும் தேடிக்கொண்டிருந்தோம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தாராபுரத்துக்குப் போன் போட்டுச் சம்பந்தியம்மாவை மரியாதையாகவே நாலு கேள்வி கேட்டுவிடலாம் என்றுகூட எழுந்தேன். இவள் மூஞ்சியைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தேன். விளக்கிச் சொன்னேன். மாங்காய்த் துண்டில் உப்பைப் போட்டால் தண்ணீர் விட்டுக்கொள்கிறதே, அது மாதிரி மண்ணில் உப்பு ஏறினால் வேர் தண்ணீரை உறிஞ்ச முடியாது, ஈரத்திலேயே நின்று காயும், திருஷ்டியும் இல்லை ஒன்றும் இல்லை, உப்பு வேலையை உப்புச் செய்தது, அவ்வளவுதான் என்றேன். அவள் பி.எஸ்ஸி. படித்தவள். நான் சொல்லி முடிப்பதற்கு முன்னாலேயே தலையை ஆட்டினாள்.

"தெரியுதுங்கம்மா. நீங்க சொல்றது நல்லாத் தெரியுது. ஆனா இன்னைக்கு வெள்ளிக்கெழம. ஊத்தாம உட்டா எனக்குத் தூக்கம் வராதுங்கம்மா."

ரிசல்ட்டை நீட்டியாயிற்று. அதைப் படித்தும் ஆயிற்று. சீக்கு மட்டும் அப்படியே இருந்தது. இத்தனை வருடத்தில் நான் ரிசல்ட்டைக் கையில் கொடுத்து அனுப்பியதோடு சரி, அதற்கப்புறம் ஒரு ஆள் என்ன ஆனார் என்று பார்த்ததே கிடையாது. அது டாக்டர் பாடு. இங்கே அனுப்பிவைக்க வேறு ஆள் இல்லை.

சமையலறைக்குப் போய் ஜாடியை இறக்கி, ஒரு கை கல் உப்பை அள்ளிக்கொண்டு வந்தேன்.

"கெழக்க பாத்து உக்காரு."

"அம்மா?"

"தனக்குத் தானே சுத்திக்கிட்டாப் புடிக்காதாமா. உங்கத்த அதையும் சொல்லியிருப்பாங்களே? வேற ஆளு சுத்தோணும். கம்முனு உக்காரு."

எனக்கு முறை தெரியாது. வலமிருந்து இடமா, இடமிருந்து வலமா என்று குழம்பி, வம்பே வேண்டாம் என்று இரண்டு பக்கமும் சுற்றினேன். என்னவோ சொல்ல வேண்டுமே, வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"எதிரூட்டுக்காரரு கண்ணு, அவரு சம்சாரத்துக் கண்ணு, மூட்டை வித்த நர்சரிக்காரரு கண்ணு, ஏ.சி. மெக்கானிக்கு கண்ணு, ஸ்கேன் எடுக்கற புள்ள கண்ணு, செடிக்கு மோரு ஊத்துன உங்கப்பங் கண்ணு..." கடைசியாக என்னையும் சேர்த்துக்கொண்டேன். "உங்கம்மாளோட வாயி. எல்லாம் கழிஞ்சு போகட்டும்."

அவள் சிரித்தாள். அழுத மூஞ்சியோடு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை மாதம் ஆகியிருந்ததோ. அவள் அப்பா அப்போதுதான் செடியைக் கீழே வைத்தார்.

உப்பை டம்ளரில் கரைத்தேன். "இதச் சிங்க்குல ஊத்தப் போறேன். அங்கயும் எவங் காலும் படாது" என்றேன். அவள் சரியென்றாள். அன்று இரண்டு தோசை சாப்பிட்டாள்.

அதற்கப்புறம் செவ்வாய், வெள்ளி, ஞாயிறு தவறாமல் சுற்றினேன். மற்ற வேலையை அவர் பார்த்தார். ஜன்னலோரம் மேல்மண்ணை வழித்து எடுத்துவிட்டு, வாரக்கணக்கில் நல்ல தண்ணீரை விட்டு விட்டு மண்ணில் இறங்கிய உப்பைக் கழுவினார். செம்பருத்தி பாதி மொட்டையாகி, அப்புறம் அடியிலிருந்து தளிர்த்தது. மகளுக்குச் சோறு இறங்கியது, பிள்ளைக்கு எடை ஏறியது. எதிர்வீட்டுக்காரர் வந்து, "நாஞ் சொன்னாப்புல தண்ணி எச்சா உட்டீங்களாட்ட இருக்குதுங்க, நல்லா வந்துருச்சுங்க" என்றார். "ஆமாங்க, எல்லாம் உங்க யோசனைதானுங்க" என்றார் என் வீட்டுக்காரர். திருந்தாத ஜென்மம்.

குறித்த தேதிக்கு முன்னாலேயே ஒருநாள் காலையில் மகளுக்கு பி.பி. எகிறியது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனோம். தாராபுரத்திலிருந்து மாப்பிள்ளை வந்துகொண்டிருந்தார். உடனே ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். பிள்ளையின் இதயத்துடிப்பு குறைகிறது என்று நர்சுகள் தங்களுக்குள் பேசியது என் காதில் விழுந்தது. எனக்குப் புரியாதென்று நினைத்துப் பேசினார்கள். எல்லாம் புரிந்தது. ஸ்ட்ரெச்சரைத் தள்ளப் போகிற நேரத்தில் மகள் என் கையைப் பிடித்தாள். பார்த்தாள், அவ்வளவுதான்.

நான் திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் சட்டைப் பை புடைத்துக்கொண்டிருந்தது.

"என்னங்க அது?"

அவர் திருடன் மாதிரி ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். பிரித்தால் கல் உப்பு.

"திங்கறதுக்கு இல்ல அம்மிணி" என்றார்.

அந்த மனுஷனை அப்போது ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. பொட்டலத்தைப் பிடுங்கி, நர்சு முறைக்க முறைக்க, ஸ்ட்ரெச்சருக்கு மேலே சுற்றினேன். கண்ணையும் வாயையும் வரிசையாகச் சொல்ல நேரமில்லை. "எல்லாம் போ, எல்லாம் போ" என்று மட்டும் சொன்னேன். கதவு மூடிக்கொண்டது.

உப்பு கையிலேயே இருந்தது. அதைக் கரைத்து ஊற்றினால்தான் கணக்கு முடியும். டீக் கப்பில் தண்ணீர் பிடித்துக் கரைத்துக்கொண்டு சிங்க்கைத் தேடினேன். கழுவுகிற இடத்தில் ஒரு கும்பல் நின்று கை கழுவிக்கொண்டிருந்தது. பாத்ரூமைப் பூட்டிவைத்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறதோ தெரியவில்லை. மாடிப்படி ஓரம், சுவரோடு சுவராக, ஒரு தொட்டியில் குரோட்டன்ஸ் இருந்தது. மஞ்சளும் சிவப்புமாக, தளதளவென்று, நோய் நொடி இல்லாமல்.

"அம்மிணி, பாவம் செடி..." என்றார் அவர்.

அதன் மூட்டில் ஊற்றினேன். ஒரு சொட்டு விடாமல் ஊற்றினேன். என்ன ஆகும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த ஆஸ்பத்திரியில் ஒருத்தரும் இருந்திருக்கமாட்டார்கள். மாப்பிள்ளை வந்து சேர்வதற்குள், கதவைத் திறந்துகொண்டு நர்சு வந்து பெண் குழந்தை என்றார். எடை கம்மிதான், ஆனால் நன்றாக அழுகிறது என்றார். உள்ளிருந்து அழுகை எனக்கே கேட்டது.

தடுப்பூசிக்காகப் பேத்தியைத் தூக்கிக்கொண்டு அந்த ஆஸ்பத்திரிக்கு மறுபடி போனபோது, மாடிப்படி ஓரத்தில் தோட்டக்காரர் உட்கார்ந்திருந்தார். தொட்டியில் குச்சிதான் இருந்தது. அவர் அதைப் பிடுங்கி, வேரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"புழுவும் இல்ல, ஒண்ணும் இல்லீங்க. தண்ணியும் நல்லாத்தான் உட்டேன். பொசுக்குன்னு போயிருச்சுங்க. என்ன சீக்கோ தெரியலீங்க" என்று எங்களைப் பார்த்துச் சொன்னார்.

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். இடுப்பில் ஒரு கிள்ளு வைத்தேன்.

"எனக்கும் தெரியலீங்க" என்று சொல்லிவிட்டு, பேத்தியைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு படியேறினேன்.